‘கெட்’டுக்குப் பின்னால் என்ன நிற்கிறது? ஆங்கிலம் பழகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம். பழனியில் மொட்டை அடிக்கிறோம். வெயில் அடிக்கிறது, மல்லிகை வாசம் அடிக்கிறது, பரீட்சையில் ஒருவன் காப்பி அடிக்கிறான், ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் அடிக்கச் சொல்கிறார் அம்மா. ‘அடி’க்கு எத்தனை அர்த்தம் என்று நாம் யாரும் பட்டியல் போட்டுப் படித்ததில்லை. அதற்கு முன்னால் நிற்கும் சொல் காதில் விழுந்ததுமே பொருள் புரிந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் ‘கெட்’ அப்படிப்பட்ட சொல். அகராதியைத் திறந்தால் அதற்குப் பத்திபத்தியாக அர்த்தங்கள் இருக்கும். அதைப் பார்த்து மலைத்துப்போய், ‘கெட்’ வரும் இடத்தையெல்லாம் ‘கிடைத்தல்’ என்றே எடுத்துக்கொண்டு ஒப்பேற்றுபவர்கள் நிறைய. அது பாதி இடங்களில் கைகொடுக்கும், மீதி இடங்களில் காலை வாரிவிடும். பட்டியல் தேவையில்லை. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதால், அதன் பொருளை முன்னால் நிற்பது முடிவுசெய்கிறது. ஆங்கிலத்தில் வினை முன்னால் வந்துவிடும். அதனால் பொருளைப் பின்னால் நிற்பது முடிவுசெய்கிறது. ‘கெட்’ என்று கேட்டதும் அதற்கு அர்த்தம் தேடாதீர்கள். அடுத்து வரும் சொல் என்ன வகை என்று மட்டும் பாருங்கள். அது பெயர்ச்சொல்லா, குணத்தைச் சொல்லும் சொல்லா, இடமா, முடிந்துபோன வினையா, ‘டு’ போட்ட வினையா? இந்த ஐந்து கேள்விகளுக்குள் அநேகமாக எல்லாம் அடங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கருத்துதான் இருக்கிறது: முன்பு இல்லாத ஒரு நிலைக்கு வந்து சேர்தல். பொருள் கைக்கு வந்தாலும், கோபம் வந்தாலும், ஊர் வந்தாலும் அது ‘கெட்’.

முதல் படி: ஒலியைச் சரிசெய்யுங்கள்

முதல் எழுத்தை ‘தங்கம்’ என்ற சொல்லில் வரும் ‘க’ போல ஒலிக்க வேண்டும். உயிரொலி குறில். நீட்டினால் அது வாசல் கதவைக் குறிக்கும் ‘கேட்’ ஆகிவிடும்.

இறந்தகாலம் ‘காட்’. பிரிட்டிஷார் சொல்லும்போது ‘கொட்’டுக்கு நெருக்கமான குறிலாகக் கேட்கும், அமெரிக்கர் சொல்லும்போது ‘கா’ என்று வாய் திறக்கும். “கோ, வென்ட், கான்” என்ற வரிசையில் கடைசியாக வருவதுபோன்ற மூன்றாம் வடிவம் பிரிட்டனில் ‘காட்’, அமெரிக்காவில் பெரும்பாலும் ‘காட்டன்’. இந்தக் ‘காட்டன்’ அமெரிக்கர்கள் கண்டுபிடித்தது அல்ல. பழைய ஆங்கிலேயர்களே வைத்திருந்து பிறகு கைவிட்டது. மறத்தலைக் குறிக்கும் ‘ஃபர்காட்டன்’ என்ற சொல்லில் பிரிட்டனிலும் அந்த வால் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொல்லே இங்கிலாந்தில் பிறந்ததில்லை. கடல் கடந்து வந்து வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்த ‘கெட்டா’விலிருந்து வந்தது.

அமெரிக்கர் பேச்சில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே மாட்டும் ‘ட்’ மென்மையாகத் தளர்ந்துவிடும். “கெட் அப்” என்பது “கெடப்” என்றும், “கெட் இட்” என்பது “கெடிட்” என்றும் கேட்கும். ‘பாடம்’ சொல்லும்போது நம் நாக்கு ‘ட’வை எப்படித் தொடுகிறதோ ஏறக்குறைய அப்படியே. எனவே தமிழ்க் காதுக்கு இது கஷ்டமான ஒலி இல்லை. எதிர்பார்த்துக் கேட்டால் போதும்.

இரண்டாம் படி: பின்னால் பெயர்ச்சொல் வந்தால்

கிடைத்தல், வாங்குதல், எடுத்து வருதல் என்ற குடும்பம் இது. “ஐ காட் எ லெட்டர்” என்றால் எனக்குக் கடிதம் வந்தது. “ஐ காட் எ ஷர்ட்” என்றால் சட்டை வாங்கினேன், அல்லது யாரோ கொடுத்தார்கள். “கெட் மீ எ கிளாஸ் ஆஃப் வாட்டர்” என்றால் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவா. நோயும் இதில் சேரும்: “ஐ காட் த ஃப்ளூ”. புரிதலும் சேரும்: “ஐ கெட் இட்” என்றால் புரிகிறது.

இங்கே தமிழ் மனம் செய்ய வேண்டிய ஒரு திருப்பம் உண்டு. ‘எனக்கு வேலை கிடைத்தது’ என்ற வாக்கியத்தில் எழுவாய் ‘வேலை’. நான் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமைக்குள் ஒதுங்கி நிற்கிறேன். புரிகிறது, கோபம் வருகிறது, காய்ச்சல் வந்தது எல்லாமே இப்படித்தான். ஆங்கிலத்தில் ‘கெட்’ வந்தால் பெறுபவரே எழுவாய். ‘எனக்கு’ என்று மனதில் தோன்றும்போதே வாயில் “ஐ” வரப் பழக்குங்கள். ‘அவளுக்கு’ என்றால் “ஷி”. இது கைவந்தால் மீதி எல்லாம் சுலபமாகிவிடும்.

கடையில் ஒரு சிக்கல் வரும். ‘பால் கிடைக்குமா?’ என்பதை அப்படியே மாற்றி “வில் ஐ கெட் மில்க்?” என்று கேட்டால் ஆங்கிலம் பேசும் கடைக்காரருக்குக் கொஞ்சம் விநோதமாகக் கேட்கும். எனக்குப் பால் வந்து சேருமா என்று விதியைப் பற்றிக் கேட்பது போன்ற தொனி அதில் இருக்கிறது. அவரிடம் சரக்கு இருக்கிறதா என்பதுதான் நம் கேள்வி. எனவே “டு யூ ஹேவ் மில்க்?” என்று கேளுங்கள். உணவகத்தில் ஒன்றைக் கேட்டு வாங்கும்போது மட்டும் “கேன் ஐ கெட் எ காஃபி?” என்பது இயல்பு, குறிப்பாக அமெரிக்காவில்.

அன்றாடப் பேச்சில் சட்டென்று வரும் சில பிரயோகங்களும் இருக்கின்றன. அழைப்புமணி அடித்ததும் “ஐ'ல் கெட் த டோர்” என்றால், கதவை நான் போய்த் திறக்கிறேன். “கெட் த ஃபோன்” என்றால் போனை எடு. சாப்பிட்டு முடித்த மேசையில் ஒருவர் “ஐ'ல் கெட் திஸ்” என்றால் பில்லுக்குப் பணம் தான் தருவதாகச் சொல்கிறார். புரியாமல் நாமும் பர்ஸை எடுத்து இழுபறி செய்ய வேண்டியிருக்காது.

மூன்றாம் படி: பின்னால் குணம் வந்தால்

“கெட்” பக்கத்தில் பெயரடை வந்தால் அது நம் ‘ஆகு’. சூடானது: “காட் ஹாட்”. இருட்டிவிட்டது: “இட் காட் டார்க்”. நனைந்துபோனேன்: “ஐ காட் வெட்”.

தமிழர்களின் ஆங்கிலத்தில் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். காரணம் தெளிவானது. நமக்குத் தூக்கம் வருகிறது, கோபம் வருகிறது, பசி எடுக்கிறது. தூக்கமும் கோபமும் பசியும் பெயர்ச்சொற்கள். ஆங்கிலம் அந்த இடத்தில் பெயரைக் கேட்காது, குணத்தைக் கேட்கும். “ஐ ஆம் கெட்டிங் ஸ்லீப்” தவறு, “ஐ ஆம் கெட்டிங் ஸ்லீப்பி” சரி. “கெட்டிங் ஆங்கர்” தவறு, “கெட்டிங் ஆங்ரி” சரி. “கெட்டிங் டென்ஷன்” என்பது நம் ஊரில் எல்லோருக்கும் புரியும், வெளியூரில் “கெட்டிங் டென்ஸ்” அல்லது “கெட்டிங் ஸ்ட்ரெஸ்ட்” என்றால்தான் புரியும்.

அப்படியானால் “கெட்” பக்கத்தில் “ஸ்லீப்” வரவே வராதா? வரும், அர்த்தம் மாறிவிடும். “ஐ ஆம் நாட் கெட்டிங் இனஃப் ஸ்லீப்” என்றால் போதுமான அளவு தூங்க முடியவில்லை. அங்கே தூக்கம் ஒரு சரக்கு, அது கிடைக்கவில்லை. முதல் வகைக்குப் போய்விட்டது பாருங்கள். சொல்லின் வகை மாறினால் ‘கெட்’டின் வேலையும் மாறும்.

இன்னும் நுணுக்கமானது ஒன்று. “ஐ ஆம் கெட்டிங் கோல்ட்” என்றால் எனக்குக் குளிர ஆரம்பித்திருக்கிறது. “ஐ ஆம் கெட்டிங் எ கோல்ட்” என்றால் சளி பிடிக்கிறது. நடுவே ஒரு சின்ன “எ”. அது வந்ததும் அடுத்த சொல் பெயர்ச்சொல் ஆகிவிட்டது. முன்னதைக் கேட்டவர் ஜன்னலைச் சாத்துவார், பின்னதைக் கேட்டவர் மாத்திரை தேடுவார். தலைவலிக்கும் இதே “எ” வேண்டும்: “கெட்டிங் எ ஹெடேக்”.

‘எனக்கு நேரமாச்சு’ என்பதை “ஐ ஆம் கெட்டிங் லேட்” என்று இந்தியா முழுக்கச் சொல்கிறோம். பிற நாட்டவர் காதுக்கு இது இடறும். நேரம்தான் ‘லேட்’ ஆகிறது, எனவே “இட்ஸ் கெட்டிங் லேட்”. ஆள் தாமதம் என்றால் “ஐ ஆம் ரன்னிங் லேட்”.

கல்யாணத்துக்கு இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. நடந்த நிகழ்ச்சி என்றால் “ஐ காட் மேரிட் இன் 2019”. இப்போதைய நிலை என்றால் “ஐ ஆம் மேரிட்”. யாரோடு என்று சொல்ல “வித்” போடக்கூடாது, “டு” போட வேண்டும். தமிழின் ‘ஓடு’ உருபு இழுக்கும், ஏமாறாதீர்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ‘ஆகு’ என்று வருகிற எல்லா இடத்திலும் ‘கெட்’ பொருந்தாது. ‘அவன் டாக்டர் ஆனான்’ என்பதற்கு “ஹி காட் எ டாக்டர்” என்று சொன்னால், அவன் ஒரு டாக்டரை அழைத்து வந்தான் என்று பொருள். பின்னால் பெயர்ச்சொல் வந்துவிட்டதே! அங்கே “பிகேம்” வேண்டும்.

நான்காம் படி: பின்னால் இடம் வந்தால்

“கெட் டு” என்றால் போய்ச் சேர்தல். வழி கேட்கும்போது “ஹௌ டு ஐ கெட் டு த ஸ்டேஷன்?” என்பதுதான் இயல்பான வாக்கியம். ‘கோ’ புறப்பாட்டையும் பயணத்தையும் சொல்லும், ‘கெட்’ சேர்வதைச் சொல்லும். எட்டு மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன்: “ஐ லெஃப்ட் அட் எய்ட் அண்ட் காட் தேர் அட் நைன்”. வீடு, இங்கே, அங்கே என்ற மூன்றுக்கும் “டு” கிடையாது. “கெட் ஹோம்”, “கெட் ஹியர்”, “கெட் தேர்”.

வண்டி ஏறி இறங்குவதற்குத் தமிழில் ஒரே ஜோடிதான். ஆங்கிலத்தில் இரண்டு. உள்ளே எழுந்து நின்று நடக்க முடிகிற வாகனம் என்றால் ஏறுவது “கெட் ஆன்”, இறங்குவது “கெட் ஆஃப்”: பஸ், ரயில், விமானம், கப்பல். குனிந்து நுழைந்து உட்கார வேண்டியது என்றால் “கெட் இன்”, “கெட் அவுட் ஆஃப்”: கார், டாக்சி, ஆட்டோ. மேலே காலைப் போட்டு உட்காரும் சைக்கிள், பைக், குதிரைக்கும் “ஆன்”, “ஆஃப்”. பஸ்ஸிலிருந்து “கெட் டவுன்” என்று நாம் சொல்வது இந்திய ஆங்கிலத்தில் ஊறிப்போனது. மற்ற நாடுகளில் உயரத்திலிருந்து, மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ இறங்குவதற்குத்தான் அதைச் சொல்வார்கள்.

ஐந்தாம் படி: பின்னால் முடிந்துபோன வினை வந்தால்

இதில்தான் நிதானமாக நிற்க வேண்டும்.

முதலில் சுலபமான பாதி. “கெட்” உடனே மூன்றாம் வடிவ வினை வந்தால், அது நம் ‘படு’. அடிபட்டான்: “ஹி காட் ஹர்ட்”. பிடிபட்டான்: “ஹி காட் காட்” என்று தமிழில் எழுதினால் குழப்பும், இரண்டாவது ‘காட்’ பிடித்தலைக் குறிக்கும் வினையின் மூன்றாம் வடிவம், ‘கா’வும் ‘கோ’வும் கலந்த நெடில், முதல் ஒலி ‘காற்று’வில் வரும் வல்லினம். பர்ஸ் திருட்டுப்போனது: “மை பர்ஸ் காட் ஸ்டோலன்”. நல்லதற்கும் வரும்: “ஷி காட் ப்ரமோட்டட்”. எதிர்பாராமல் நேர்ந்தது, அல்லது பாடுபட்டுக் கிட்டியது என்ற சாயல் இதில் இருக்கும். அதனால் வரலாற்று நூலின் நடையில் இது ஒட்டாது. பழைய பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றி எழுதும்போது “வாஸ் ஓப்பன்ட் இன் 1914” என்றுதான் எழுத வேண்டும். “காட் ஓப்பன்ட்” என்றால் யாரோ தெரியாமல் திறந்துவிட்டது போலிருக்கும்.

இப்போது கஷ்டமான பாதி. ‘முடி வெட்டிக்கிட்டேன்’ என்று சொல்கிறோம். வெட்டியவர் சலூன்காரர் என்பது கேட்பவருக்குத் தெரியும். ‘எக்ஸ்ரே எடுத்தேன்’, ‘பல்லைப் பிடுங்கினேன்’, ‘தையல் பிரிச்சேன்’, ‘வண்டியை சர்வீஸ் பண்ணினேன்’. எதையும் நாம் செய்யவில்லை, செய்வித்தோம். தமிழ் அந்த வித்தியாசத்தைச் சூழலுக்கு விட்டுவிடுகிறது. ஆங்கிலம் விடாது. “ஐ கட் மை ஹேர்” என்றால் கண்ணாடி முன் நின்று நானே கத்தரித்துக்கொண்டேன். “ஐ டுக் ஆன் எக்ஸ்ரே” என்றால் கேட்பவர் உங்களை எக்ஸ்ரே டெக்னீஷியன் என்று நினைப்பார். வெளிநாட்டு மருத்துவமனையில் நர்ஸிடம் “ஐ ரிமூவ்ட் மை ஸ்டிட்சஸ்” என்று சொல்லிப்பாருங்கள், வீட்டில் நீங்களே தையலைப் பிய்த்துக்கொண்டதாக எண்ணிப் பதறிப்போய்க் காயத்தைப் பார்க்க வருவார்.

இந்த இடத்தைக் காப்பாற்றுவது ‘கெட்’. வரிசை இதுதான்:

1. வேலையை உண்மையில் செய்தது யார் என்று கேளுங்கள். நீங்கள் இல்லை என்றால் “ஐ காட்” என்று தொடங்குங்கள்.

2. உடனே பொருளை வையுங்கள்: “மை ஹேர்”, “மை பைக்”, “மை டூத்”.

3. அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம்: “கட்”, “சர்வீஸ்ட்”, “புல்ட்”.

4. செய்தவரைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் மட்டும் கடைசியில் “பை” போட்டுச் சொல்லுங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

“ஐ காட் மை ஹேர் கட்.” “ஐ காட் மை பைக் சர்வீஸ்ட்.” “ஐ நீட் டு கெட் தீஸ் பேப்பர்ஸ் அட்டெஸ்டட்.” இரண்டாவது, மூன்றாவது இடங்களை மாற்றினால் வாக்கியம் உடைந்துவிடும். “ஐ காட் சர்வீஸ்ட் மை பைக்” என்று யாரும் சொல்வதில்லை. பள்ளியில் படித்த செயப்பாட்டு வினையும் பிறவினையும் ஒரே சொல்லுக்குள் எப்படி அடங்குகின்றன என்று பாருங்கள். பொருள் நடுவில் வராவிட்டால் ‘படு’, வந்தால் ‘செய்வி’. பரிசோதனைகளுக்கு இன்னும் குறுக்குவழி உண்டு, பெயர்ச்சொல்லாகவே வைத்துவிடலாம்: “ஐ காட் ஆன் எக்ஸ்ரே”, “ஐ காட் எ பிளட் டெஸ்ட்”, “ஐ காட் எ ஹேர்கட்”.

ஆளை வைத்துச் செய்வித்தால் “டு” வரும். “ஐ காட் மை சன் டு ஈட்” என்றால் கதை சொல்லி, காக்கா காட்டி, எப்படியோ சாப்பிட வைத்தேன். “ஐ மேட் ஹிம் ஈட்” என்றால் மிரட்டியோ கட்டாயப்படுத்தியோ சாப்பிட வைத்தேன். அங்கே “டு” இல்லை. இரண்டையும் கலந்து “மேட் ஹிம் டு ஈட்” என்று சொல்வது பரவலான பிழை. நின்றுபோன இயந்திரத்தை ஓடவைத்தால் “இங்” வரும்: “ஐ காட் த மோட்டார் ரன்னிங்”.

ஆறாம் படி: பின்னால் “டு” போட்ட வினை வந்தால்

“ஐ காட் டு சீ த தாஜ் மஹால்”: தாஜ் மஹாலைப் பார்க்க வாய்த்தது. “ஐ ஹேவ் காட் டு சீ த தாஜ் மஹால்”: தாஜ் மஹாலைப் பார்த்தே ஆக வேண்டும். முதலாவது பார்த்தாயிற்று, இரண்டாவதில் இன்னும் பார்க்கவில்லை. வேகமான பேச்சில் “ஐ ஹேவ்” என்பது “ஐ'வ்” என்று சுருங்கி, அந்த ‘வ்’வும் பாதி விழுங்கப்பட்டுவிடும். அப்போது எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டாயத்தைச் சொல்லும்போது “காட் டு” ஒட்டிக்கொண்டு “காட்டா” என்று வரும். “ஐ காட்டா கோ” என்றால் நான் போகணும், கிளம்புகிறேன்.

இதன் உறவுக்காரர்தான் “ஹேவ் காட்”. “ஐ ஹேவ் காட் டூ கிட்ஸ்” என்றால் எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ‘கிடைத்தது’ என்று இழுக்கத் தேவையில்லை, வெறும் ‘இருக்கிறது’. இதற்கு இறந்தகாலம் “ஹேட்” மட்டும்தான். அமெரிக்கர்கள் இங்கே ஒரு நல்ல வேறுபாட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். “ஐ ஹேவ் காட் எ கார்” என்றால் கார் இருக்கிறது, “ஐ ஹேவ் காட்டன் எ கார்” என்றால் கார் வாங்கியிருக்கிறேன்.

ஏழாம் படி: ஒட்டுச்சொற்கள்

“அப்”, “ஓவர்”, “பை” போன்ற குட்டிச் சொற்கள் ஒட்டினால் இரண்டையும் பிரித்துப் பொருள் பார்க்கக்கூடாது. ‘கைவிடு’ என்பதைக் கை, விடு என்று பிரித்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். நூற்றுக்கணக்கில் இருந்தாலும் தொடக்கத்துக்கு இவை போதும்.

“கெட் அப்” என்பது படுக்கையை விட்டு எழுவது. கண் விழிப்பது “வேக் அப்”. ஆறுக்கு விழித்து ஏழுவரை புரண்டு படுத்திருந்தால் இரண்டும் வேறு நேரம். சினிமாப் பேச்சில் நடிகரின் வேடத்தைச் சொல்லும் ‘கெட்டப்’ இதே இரண்டு சொற்கள் சேர்ந்து பெயர்ச்சொல் ஆனதுதான்.

“கெட் ஓவர்” என்பது நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீள்வது. நம் ஊரில் ‘மீட்டிங் அஞ்சு மணிக்கு முடிஞ்சது’ என்பதற்கு “காட் ஓவர்” என்கிறார்கள். இந்தியாவுக்கு வெளியே “எண்டட்” அல்லது “ஃபினிஷ்ட்” என்று சொல்லுங்கள்.

“கெட் அலாங் வித்” என்றால் ஒத்துப்போவது. “கெட் பை” என்றால் இருப்பதை வைத்துச் சமாளிப்பது. “கெட் ரிட் ஆஃப்” என்றால் தொலைத்துக்கட்டுவது. “கெட் அவே வித்” என்றால் தப்பு செய்தும் தண்டனை இல்லாமல் தப்புவது. “கெட் த்ரூ” என்றால் போன் லைன் கிடைப்பது, அல்லது கஷ்ட காலத்தைக் கடப்பது. அலுவலகத்தில் ஒருவர் “ஐ'ல் கெட் பேக் டு யூ” என்றால் நேரில் திரும்பி வருவதாகச் சொல்லவில்லை. விசாரித்துப் பிறகு பதில் சொல்கிறேன் என்கிறார்.

“கெட் அவுட்” நமக்குக் கோபமான முதலாளியின் சொல்லாகவே பழக்கம். வெளியே போ என்ற பொருளில் அது கடுமையானதுதான், யாரிடமும் லேசாகச் சொல்லிவிடாதீர்கள். ஆனால் நம்ப முடியாத செய்தியைக் கேட்ட அமெரிக்க நண்பர் சிரித்துக்கொண்டே “கெட் அவுட்!” என்றால், ‘சும்மா சொல்லாதே!’ என்கிறார். முகத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

எழுத்தில் எவ்வளவு?

விண்ணப்பம், ஆராய்ச்சிக் கட்டுரை, அலுவலகக் கடிதம் ஆகியவற்றில் ‘கெட்’டைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த வகையைப் பார்த்தே மாற்றுச் சொல்லும் கிடைத்துவிடும்: கடிதம் வந்தால் “ரிசீவ்”, அனுமதி பெற்றால் “அப்டெயின்”, நிலை மாறினால் “பிகம்”, சேர்ந்தால் “அரைவ்”, புரிந்தால் “அண்டர்ஸ்டாண்ட்”. இதை அப்படியே பேச்சுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். நண்பரிடம் மளிகைச் சாமானை “அப்டெயின்” செய்ததாகச் சொன்னால் அரசாணை வாசிப்பது போலிருக்கும்.

எப்படிப் பழகுவது?

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து பக்கங்களுக்குத் தலைப்பிடுங்கள்: பெயர், குணம், இடம், முடிந்த வினை, “டு”. ஆறாவது பக்கம் ஒட்டுச்சொற்களுக்கு. தினம் பத்து நிமிடம் ஆங்கிலப் பேச்சு ஏதாவது ஒன்றை, வசன வரிகளோடு, கேளுங்கள். ‘கெட்’ வரும் வாக்கியத்தை முழுசாக எழுதி, உரிய பக்கத்தில் சேருங்கள். சொல்லை மட்டும் எழுதினால் பயனில்லை, பின்னால் நின்றது என்ன என்பதுதான் நமக்கு வேண்டும். நாளுக்கு மூன்று வாக்கியம் போதும்.

முதல் இரண்டு வாரம் பெயர், குணம் என்ற இரண்டு பக்கங்களோடு நில்லுங்கள். அன்றாடத் தேவையில் பெரும்பங்கு அவற்றிலேயே இருக்கிறது. மூன்றாம் வாரம் இடம். நான்காம் வாரம் முழுவதும் முடிந்த வினைக்கு. அந்த வாரத்தில் நீங்கள் பிறரை வைத்துச் செய்த ஒவ்வொரு வேலையையும், துணி இஸ்திரி போட்டது, செருப்புத் தைத்தது, கேஸ் அடுப்பைப் பழுதுபார்த்தது என எல்லாவற்றையும், அந்த நாலு படி வரிசையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பொருளை நடுவில் வைக்க நாக்குப் பழகுவதற்கு நாலைந்து நாள் ஆகும். அவசரப்பட வேண்டாம்.

ஒரு மாதம் கழித்து இந்தப் பத்தியை வாய்விட்டுப் படித்து, ஒவ்வொரு ‘காட்’டையும் பிரித்துப் பாருங்கள்:

“ஐ காட் அப் லேட். ஐ காட் டு எக்மோர் அட் நைன், காட் ஆன் த ராங் டிரெயின், காட் ஆஃப் அட் தாம்பரம், காட் வெட் இன் த ரெயின், காட் மை ஷூஸ் கிளீன்ட், அண்ட் டிட் நாட் கெட் டு மீட் த மேனேஜர்.”

தாமதமாக எழுந்தேன், ஒட்டுச்சொல். ஒன்பதுக்கு எழும்பூர் போய்ச் சேர்ந்தேன், இடம். தப்பான ரயிலில் ஏறி தாம்பரத்தில் இறங்கினேன், வாகனம், உள்ளே நிற்க முடிவது, எனவே “ஆன்”, “ஆஃப்”. மழையில் நனைந்தேன், குணம். ஷூவைத் துடைக்கக் கொடுத்து வாங்கினேன், துடைத்தது வேறொருவர், பொருள் நடுவில் நிற்கிறது. மேனேஜரைப் பார்க்க வாய்க்கவில்லை, “டு”.